சரக்குத் தராசில் ஷைனி

காக்களூரில் என் மகள் ஷைனி வேலை பார்க்கும் தொழிற்சாலையில் மருத்துவ முகாம். எடை தெரியாமல் வலிப்பு மாத்திரையின் அளவை எழுத முடியாது என்கிறார் டாக்டர். சக்கர நாற்காலியில் இருப்பவள் எடை மெஷினில் எப்படி ஏறி நிற்பாள்? "நான் தூக்கினு நிக்கிறேன், என் வெயிட்ட கழிச்சிக்கோங்க," என்கிறேன். "நான் இன்னா கைக்கொழந்தையா நைனா?" என்று அவள் சரக்கு நிறுக்கும் இரும்புத் தட்டின்மேல் நாற்காலியை உருட்டி ஏற்றுகிறாள். எங்கள் வீட்டுப் பெண்ணைச் சரக்கு மாதிரி நிறுப்பதா? தகரக் கூரையின் வெயில் அவள் தோளில் விழுகிறது. தட்டு ஒருமுறை அதிர்ந்து அடங்க, சிவப்பு எண்கள் அறுபத்தெட்டில் நிற்கின்றன. "சேரு மட்டும் பதினாறு கிலோ சிஸ்டர். நேத்தே போட்டுப் பாத்துட்டேன். நான் அம்பத்திரண்டு." அவள் மருத்துவச் சீட்டில் எப்போதும் காலியாகவே இருந்த எடைக் கட்டத்தில் நர்ஸ் பேனாவை வைக்கிறார். "கொட்டை எழுத்துல எழுதும்மா," என்கிறேன்.