எழுபத்து மூன்றாம் பக்கத்து அடிக்குறிப்பு

இனி வரும் ஒவ்வொரு சொல்லும் உண்மை. பாலைப் புதர்களைப் பற்றிய அந்தப் பெரிய நூலின் எழுபத்து மூன்றாம் பக்கத்து அடிக்குறிப்பின் மேல் ஆணை.

காலை பதினொன்றே கால் மணிக்கு, உலர்செடிக் காப்பகத்தின் மாடி அறையில், பூதக்கண்ணாடியாரின் வலது கை நடுவிரலில் ஒரு முள் ஏறியது.

முப்பது வருடமாகச் செடிகளை இனம் பிரித்துப் பெயர் சொல்பவர் அவர். கழுத்தில் எந்நேரமும் ஒரு லென்ஸ் தொங்கும். சொந்தப் பெயர் வேண்டுமென்றால் கல்யாணப் பத்திரிகையைத் தேடித்தான் எடுக்க வேண்டும்.

குத்தியது அன்று பிரித்த கட்டுக்குள் இருந்த புதர்க்கிளை. பாலைவனத்திலிருந்து பழைய செய்தித்தாளில் மடித்து வந்தது. இன்ன செடி என்று எழுதிக் கட்டியிருந்த சீட்டு வழியில் எங்கோ உதிர்ந்துவிட்டது.

பேரினம் எதுவென்று பார்த்தவுடனே தெரிந்தது. இலை இருக்க வேண்டிய இடத்தில் செதில், பச்சைத் தண்டு, சிறகு முளைத்த காய். காப்பகத்தில் அதைச் சண்டிப்புதர் என்பார்கள். எந்த வகைப்பாட்டுக்கும் படியாமல், அங்கே வேலை பார்த்த மூன்று தலைமுறையின் தலைமுடியைத் தின்று தீர்த்த கூட்டம் அது.

அந்தப் பேரினத்தில் எட்டு இனங்கள். ஏழு பரம சாது.

எட்டாவதைப் பற்றி அடிக்குறிப்பு சொல்வது இது: ‘முள் தைத்தவர் முந்நூறு எண்ணி முடிவதற்குள் பேச்சிழப்பார். அதன்பின் எண்ணுவதற்கு ஆள் இருப்பதில்லை.’

அவர் எண்ணத் தொடங்கினார்.

நூலின் அட்டை எந்தக் காலத்திலோ கழன்று போயிருந்தது. கை வைத்ததும், இனம் காணும் பட்டியல் இருந்த பக்கம் தானாகத் திறந்தது. படிக்கு ஒரு கேள்வி. இதுவா அதுவா என்று பதில் சொல்லிக்கொண்டே இறங்க வேண்டும்.

பட்டை வெளுப்பா, சிவப்பா? வெளுப்பு. நாற்பது.

காய்க்குச் சிறகு இரண்டா, நான்கா? லென்ஸ் மூக்கில் இடித்தது. நான்கு. தொண்ணூறு.

சிறகின் ஓரம் மழுங்கலா, பல் பல்லாகவா? பல் பல்லாகத்தான்.

முள் நேரா, வளைந்ததா?

விரலைப் பார்த்தார். பாதி உள்ளே. வெளியே தெரிந்த பாதி, கொக்கிபோல் வளைந்திருந்தது.

எட்டாவது இனம்.

நூற்று ஐம்பது.

நூலாசிரியர் தவறியிருக்கக் கூடாதா என்று ஒரு நப்பாசை. நினைத்ததற்கே மனம் கூசியது. அந்த ஆசிரியர்மேல் அவருக்கிருந்த மரியாதை கொஞ்சநஞ்சமல்ல; அவரைக் குறை சொன்ன இரண்டு பேராசிரியர்களோடு பேச்சையே நிறுத்தியவர். ஆனாலும் உயிராசை யாரை விட்டது? அதற்குப் பின் வெளிவந்த நான்கு நூல்களை அலமாரியிலிருந்து இடது கையால் இழுத்துப் போட்டார்.

நான்கிலும் அதே வாசகம். ஒன்றில் தடித்த எழுத்தில் இருந்தது.

நான்கு பேர் சேர்ந்தா பொய் சொல்வார்கள்?

இருநூற்றுப் பத்து. நாக்கு அட்டைபோல் காய்ந்தது. உள்ளங்கை சில்லிட்டது. கண்ணுக்குள் பூச்சி பறந்தது.

மனைவிக்கு இரண்டு வரி எழுதிவிடலாமென்று மேசையிலிருந்த வெற்றுச் சீட்டொன்றை எடுத்தார். சமையலறைக் குழாயைச் சரிசெய்யாமலே போவதற்கு மன்னிப்புக் கேட்கத்தான் நினைத்தார். முப்பது வருடப் பழக்கம் விடவில்லை. ‘உயரம் ஐந்தரை அடி. உச்சியில் வழுக்கை. கிடைத்த இடம்: மாடி அறை, ஜன்னலோரம். மிக அரிது’ என்று கை எழுதி வைத்தது.

‘மிக அரிது’ என்பதை அடித்துவிட்டு, ‘பரவலாகக் காணப்படுவது’ என்று திருத்தினார். சாகிற நேரத்தில் பொய் எதற்கு?

இருநூற்றுத் தொண்ணூற்றைந்தில் கதவு திறந்தது. பசைக் கிண்ணத்தோடு மைத்துனன் வந்தான். மனைவியின் தம்பி; செடிகளைத் தாளில் ஒட்டுவது அவன் வேலை. இருபது வருடமாக அந்தப் புத்தகங்களுக்கு நடுவே இருந்தும், ஒன்றையும் பிரித்துப் பார்த்த பாவம் அவனுக்குக் கிடையாது.

“என்ன அத்தான், வெளுத்துப்போய் உக்காந்திருக்கீங்க? உங்களையும் தாள்ல ஒட்டிடவா?”

பதில் சொல்ல வாயைத் திறந்தார். காற்றுதான் வந்தது.

முந்நூறு.

மைத்துனன் குனிந்து விரலைப் பார்த்தான். பசை காய்ந்த இரண்டு நகத்தால் முள்ளைப் பிடுங்கி ஜன்னலுக்கு வெளியே சுண்டினான்.

“அட, இதுக்கா இந்தப் பாடு? இந்த வளஞ்ச முள்ளு எனக்கு வாரத்துக்கு ரெண்டு தடவ ஏறுது. அக்காகிட்ட மட்டும் சொல்லிடாதீங்க அத்தான், வேலைய விடுன்னு உயிர எடுப்பா.”

சொல்லிக்கொண்டே கையை விரித்துக் காட்டினான். முள் புள்ளி வைக்காத விரல் ஒன்றுகூட இல்லை.

பூதக்கண்ணாடியார் அந்தப் பத்து விரலையும் லென்ஸ் வைத்துப் பார்த்தார். பிறகு நூலைப் பார்த்தார். மறுபடியும் விரல்களைப் பார்த்தார்.

அதன்பின் மூன்று நாள் அவருக்குப் பேச்சு வரவில்லை. ஆகவே நூல் சொன்னது பலித்தது என்றுதான் கொள்ள வேண்டும். நான்காம் நாள் குரல் திரும்பியதும், அந்த வரியின் ஓரத்தில் ‘நேரில் உறுதி செய்யப்பட்டது’ என்று பென்சிலால் எழுதி வைத்தார்.

எழுபத்து மூன்றாம் பக்கத்து அடிக்குறிப்பை, புதிதாக வேலைக்குச் சேர்ந்த மைத்துனனின் பசைக்கை காய்களில் படாமலிருப்பதற்காக, இருபது வருடத்துக்கு முன் இட்டுக்கட்டித் தம் நூலில் சேர்த்துவிட்டு, அதை மறந்தும் போனவர் பூதக்கண்ணாடியார்.