பாஸ்டர் வூட்டுக் கொழாய்

“ஊரு முழுக்கக் கொழாய் வறண்டு கெடக்குது. எங்க வூட்டுக் கொழாயில மட்டும் தெனம் காலையில தண்ணி வருது. நான் யாருகிட்டயும் போய் நிக்கல. கர்த்தர் குடுக்கறாரு.”

ஞாயிறு ஆராதனையில் பாஸ்டர் அன்பரசன் இப்படிச் சாட்சி சொன்னதும் சபையே ‘ஸ்தோத்திரம்’ என்றது.

அதோடு நிறுத்தியிருக்கலாம்.

“கெணறு வெச்சிருக்கறவங்க தயவு நமக்கு வேணாம்” என்று மைக்கில் சேர்த்துக்கொண்டார்.

யாரைச் சொல்கிறார் என்று எல்லோருக்கும் தெரியும். புதூர்நாட்டுக்கு மேலே மலையில் இருக்கும் அந்தச் சின்ன ஊரில் இந்தக் கோடையில் தண்ணீர் இருப்பது பாஞ்சாலியின் கிணற்றில் மட்டும்தான். ஊரே அங்கேதான் குடம் தூக்கிக்கொண்டு போகிறது. ஆனால் பொங்கல் சமயத்தில் அவளுடைய ஆடுகள் சபைத் தோட்டத்துச் செடிகளை மேய்ந்துவிட்டன. அன்பரசன் பத்துப் பேர் பார்க்க அவளை வாய்க்கு வந்தபடி பேசிவிட்டார். அவள் ஆடுகளை ஓட்டிக்கொண்டு போனாள். சபைக்கும் பாஸ்டர் வீட்டுக்கும் பக்கத்து நிலம்தான் அவளுடையது. அன்றிலிருந்து இருவரும் முகம் கொடுத்துப் பேசுவதில்லை.

ஈஸ்டர் வந்தது. அன்று நாலு பேருக்கு ஞானஸ்நானம். ஓடை காய்ந்துவிட்டதால் சபை வாசலில் இருந்த சிமெண்ட் தொட்டியைத்தான் நிரப்பியாக வேண்டும்.

வழக்கமாக விடிவதற்குள் பைக்கை எடுத்துக்கொண்டு ஊர் ஊராக ஜெபத்துக்குப் போய்விடுவார் அன்பரசன். திரும்பி வரும்போது வீட்டு டிரம் நிரம்பியிருக்கும். அன்றைக்கு வெளியே போகாமல், அவரே வாளியோடு குழாயடியில் நின்றார்.

குழாயைத் திறந்தார். காற்றுதான் வந்தது.

“நேத்துகூட வந்துச்சே கல்பனா?”

அவர் மனைவி கல்பனா தலையைக் குனிந்துகொண்டாள்.

ஆராதனை நேரம் நெருங்கியும் தொட்டி காலியாகவே கிடந்தது. சபை வாலிபன் நவீன்குமார் தயங்கித் தயங்கி வந்தான்.

“பாஸ்டர், பாஞ்சாலி அக்கா கெணத்துல இருந்து எடுத்துக்கினு வந்துடட்டுமா?”

“வேணாம். எல்லாரும் முழங்கால் போடுங்க. கர்த்தர் தருவாரு.”

ஜெபித்தார்கள். வெயில்தான் ஏறியது.

கல்பனா பக்கத்தில் வந்து மெல்லச் சொன்னாள். “ஏங்க, நீங்களே ஒரு வாட்டி பாஞ்சாலி அக்காவைப் பாத்துட்டு வாங்க.”

“கர்த்தரை நம்பறவன் அங்க போய் நிக்கணுமா?”

“அவரை நம்பித்தான் போகச் சொல்றேன்.”

அவர் நகரவில்லை. அப்போது வெள்ளைப் புடவையில் எழுந்து வந்தாள் சின்னக்குழந்தை. ஞானஸ்நானம் எடுப்பதற்காக இரண்டு மலை தாண்டி நடந்தே வந்தவள்.

“கஷ்டப்படாதீங்க பாஸ்டர். மழை பேஞ்சப்புறம் எடுத்துக்கறேன். அது வரைக்கும் காத்திருக்கறேன், இன்னா இப்ப.”

அவருக்குச் சுருக்கென்றது. இவள் காத்திருக்கப்போவது மழைக்காகவா, தன் ரோசத்துக்காகவா?

பைபிளைக் கல்பனாவிடம் கொடுத்துவிட்டு வேலியைத் தாண்டி நடந்தார். சபை மொத்தமும் பார்த்துக்கொண்டிருந்தது.

பாஞ்சாலி வீட்டு முன்னால் புளி தட்டிக்கொண்டிருந்தாள். அவரைப் பார்த்ததும் எழுந்து நின்றாள். தண்ணீர் கேட்கத்தான் வாயைத் திறந்தார். வந்தது வேறு.

“அன்னைக்கு ஆட்டுக்காக நான் பேசினது தப்புங்க. மைக்குல பேசினதும் தப்பு. மன்னிச்சிடுங்க.”

அவள் கையை முந்தானையில் துடைத்தாள். “தண்ணிக்கா வந்தீங்க?”

“தண்ணிக்குத்தான் கெளம்பினேன். நீங்க தரலன்னாலும் இதைச் சொல்லிட்டுத்தான் போவணும்.”

அவள் போய் மோட்டாரைப் போட்டாள். சுருட்டி வைத்திருந்த நீளமான பைப்பை இழுத்து வந்து அவர் கையில் கொடுத்தாள்.

“கல்பனாவை மட்டும் ஏசாதீங்க பாஸ்டரே.”

“அவளை நான் இன்னாத்துக்கு ஏசப் போறேன்?”

“உங்க கொழாய் தை மாசமே நின்னுபோச்சு. நீங்க பைக் எடுத்துக்கினு போனதும் நான்தான் இந்தப் பைப்பைப் போட்டு உங்க டிரம்மை ரொப்புவேன். தெரிஞ்சா நீங்க குடிக்க மாட்டீங்க. அதான், கொழாயில வந்துச்சுன்னு சொல்லச் சொன்னேன்.”

அன்பரசன் பைப்பைத் தோளில் போட்டு இழுத்துக்கொண்டு வந்தார். தொட்டியில் தண்ணீர் கொட்டும் சத்தம் கேட்டதும் சபையே எழுந்துவிட்டது.

“அல்லேலூயா. கர்த்தர் தண்ணி அனுப்பிட்டாரு பாஸ்டர்” என்றாள் சின்னக்குழந்தை.

“ஆமாம்மா” என்றார் அவர், பாஞ்சாலி நின்றிருந்த பக்கம் திரும்பி. “மூணு மாசமா அனுப்பிக்கினுதான் இருக்காரு.”