வேலிக்குள் நின்ற புல்

2017, மே மாதம் இரண்டாம் வாரம். மூலனூருக்குத் தெற்கே இருந்த மேய்ச்சல் காட்டில் புல் நின்றது ஓர் இடத்தில் மட்டும்.

கம்பிவேலிக்கு உள்ளே.

அவன் பூட்டைத் திறந்து நுழைந்தான். உடனே கதவைச் சாத்தினான். அதற்குள் செம்மறிகள் வந்துவிட்டன.

கொழுக்கட்டைப் புல். காய்ந்து வெளுத்து, முழங்கால் உயரத்துக்கு நின்றது. வேலியோரம் மட்டும் உட்புறமாக ஒரு சாண் அகலத்துக்கு மொட்டை. கம்பிகளுக்கு இடையே தலையை நுழைத்து, கழுத்து எட்டிய மட்டும் ஆடுகள் தின்றிருந்தன.

வெளியே மண்தான். காற்றடித்தால் கிளம்புகிற மண்.

இந்த நிலம் பாலையாகிறதா, எவ்வளவு வேகத்தில் ஆகிறது என்று கண்டு சொல்வது அவன் வேலை. ஆடு மேய்ந்த நிலத்தோடு ஒப்பிட, ஆடு புகாத நிலம் கொஞ்சம் வேண்டும். நான்கு ஆண்டுகளாக ஒப்பிட்டு வருகிறான். நான்கும் ஏதோ கொஞ்சம் மழை பெய்த ஆண்டுகள். ஒன்றும் தெளிவாகத் தெரியவில்லை.

நல்ல வறட்சி ஒன்றுக்காகக் காத்திருந்தான்.

வந்துவிட்டது.

இரும்புச் சட்டத்தைப் புல்லின் மேல் போட்டான். சட்டத்துக்குள் அகப்பட்டதை அடியோடு அறுத்துக் காகிதப் பையில் இட்டான். உலர்த்தி எடை பார்க்க வேண்டும். பார்த்த பிறகு குப்பைக்குப் போகும்.

பாவாத்தாள் வேலிக்கு வெளியே நின்றாள். காடு அவளுடையது. ஆடுகளும். இந்தத் துண்டை வேலி கட்டிக்கொள்ளக் கொடுத்தவளும் அவள்தான். ஐந்து வருசத்துக்குத் தொடமாட்டேன் என்று சொல்லியிருந்தாள்.

"ஏனுங் சார், அறுத்து அறுத்துப் பையில போடறீங்களே, நீங்களா திங்கப் போறீங்க?"

சிரித்தான். அவளும் சிரித்தாள்.

"கதவ ஒரு நாலு நாளைக்குத் தொறந்து உடுங்க. மழை வர்றாப்ல இருக்குது. அதுவரைக்கும் உசுரு நிக்கும். இல்லீன்னா வெள்ளிக்கெழம சந்தையில கறிக்காரனுக்குத்தான் புடிச்சுக் குடுக்கோணும்."

அவன் அண்ணாந்து பார்த்தான். வானத்தில் ஒன்றும் இல்லை.

நாலு நாளில் தின்று தீர்த்துவிடும். அப்புறமும் சந்தைதான். ஆடும் போய், புல்லும் போய், இந்த ஆண்டின் கணக்கும் போய்விடும். இதையெல்லாம் மனதுக்குள் சொல்லிப் பார்த்தான். சரியாகத்தான் இருந்தது.

"திறந்தா இத்தனை வருஷமும் வீணாயிடும்க்கா."

"யாரு வருசமுங்?"

கிண்டல் இல்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். அவன் குனிந்து பையின் மேல் எண் எழுதினான்.

கம்பியை அறுக்க ஒரு குறடு போதும். அவள் வீட்டிலும் இருந்தது. அவன் ஊருக்குப் போன பிறகும் அவள் அறுக்கவில்லை. சொன்ன சொல்லில் இன்னும் ஒரு வருசம் மிச்சமிருந்தது.

வெள்ளிக்கிழமை ஆடுகள் வண்டியேறின. எல்லாரும் விற்க வந்திருந்த சந்தை. கறிக்காரன் கேட்ட விலைக்குப் போயின.

செவ்வாய்க்கிழமை மழை பெய்தது.

அடுத்த ஆண்டு அவன் வந்தபோது, வேலிக்கு வெளியேயும் புல் நின்றது. உள்ளே எது, வெளியே எது என்று கம்பியைப் பார்த்துத்தான் சொல்ல முடிந்தது. பாவாத்தாள் காங்கேயத்துப் பக்கம் தேங்காய்க் களத்தில் கொப்பரைப் பருப்பு உலர்த்தும் வேலைக்குப் போய்வந்துகொண்டிருந்தாள். காலையில் பஸ் ஏறினால் இருட்டித்தான் திரும்புவாள் என்றார்கள். அவன் காத்திருக்கவில்லை.

பாலையாகும் அபாயம் குறைந்த நிலங்களில் ஒன்றாக அந்தக் காட்டை அவன் அறிக்கையில் சேர்த்தான்.

நிலத்தின் உரிமையாளர் தாமாகவே மேய்ச்சலை நிறுத்திக்கொண்டார் என்று கீழே ஒரு குறிப்பும் எழுதினான்.