மத்தளக்காரி

“கிட்ட வந்தே, தொடச்சிப்புடுவேன்!”

சொட்டச் சொட்ட ஈரத்துணியோடு படத்தின் முன் நின்றாள் சொர்ணம். மருமகள் நிவேதிதாவுக்குப் பாதி உயிர் போய்விட்டது. நீர்வண்ணப் படம், ஒரு சொட்டு விழுந்தாலும் மாசக்கணக்கில் உழைத்தது அத்தனையும் நாசம்.

சாயங்காலம் குமணன்சாவடி மண்டபத்தில் கண்காட்சி. முதல் தடவையாக அவள் படத்துக்கும் இடம் கொடுத்திருந்தார்கள். இரண்டு சாண் காகிதத்தில் நுணுக்கி நுணுக்கி வரைந்த ராசலீலை. ஆளுக்கொரு கண்ணனோடு கைகோத்து வட்டமாக ஆடும் கோபியர், ஓரத்தில் மத்தளமும் தாளமும் வீணையுமாகச் சில பெண்கள்.

அந்த மத்தளக்காரிக்குத்தான் மாமியார் முகத்தை வைத்திருந்தாள். விடிந்ததிலிருந்து ஓயாமல் அதிர்கிற வாய்க்கு இதுதான் லாயக்கு என்று வன்மத்தோடுதான் வரைந்தாள். கடுகத்தனை முகம், எங்கே தெரியப்போகிறது என்று நினைத்தது தப்பாகப் போயிற்று. கண்ணா அது, பூதக்கண்ணாடி!

“இது நான்தானே? வாயத் தொறந்து சொல்லுடி!”

“ஆமா, நீங்கதான். இப்ப என்னங்கிறீங்க?”

“என் ஊட்ல குந்திகினு என்னையே படம் போடுவியா? இன்னா திமிரு உனக்கு!”

மகன் ரோஹித் நடுவில் புகுந்தான். “ம்மா, துணியக் கீழ போடும்மா. தங்கச்சி வளைகாப்புலேருந்து வந்ததுலேருந்தே நீ எல்லார் மேலயும் எரிஞ்சு விழற.”

“நீ சும்மா கெடடா!” மகனைத் தள்ளிவிட்டு மருமகளிடம் திரும்பினாள். “அவளுங்கல்லாம் ஆடிகினு கீறாளுங்க. என்னை இன்னாத்துக்குடி ஓரத்துல உட்டே?”

“வாசிக்கிறவங்க வட்டத்துக்கு வெளியதான் நிப்பாங்க. அதுதான் வழக்கம்.”

வழக்கம் என்றதுதான் தாமதம், சொர்ணத்தின் முகம் ஜிவ்வென்று சிவந்தது. துணி பிடித்த கை படத்துக்கு மேலே போய்விட்டது.

“ஐயோ, வேணாம் அத்தை! உங்க மூஞ்சிய எடுத்துடறேன். வேற யாரையாவது வச்சு வரைஞ்சிடறேன்!” அலறினாள் நிவேதிதா. வைராக்கியமெல்லாம் போய் அழுகையே வந்துவிட்டது.

“எடுக்கச் சொன்னேனாடி நானு?”

துணியைச் சுருட்டி மருமகள் மேலேயே விட்டெறிந்தாள் சொர்ணம். கோபம் இம்மியும் குறையவில்லை, குரல்தான் உடைந்துவிட்டது.

“தாலி பூடுச்சுன்னு ஊரே என்னை வெளிய நிக்க வெக்குது. நீயுமாடி?”