இருபத்தொன்பதாவது இலை

அந்த ஆங்கிலிக்கன் திருச்சபைத் தொடக்கப்பள்ளியில் வெள்ளிக்கிழமை வழிபாடு முடிந்ததும் ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு காகித இலை கிடைக்கும். அந்த வாரம் தன்னிடம் இரக்கம் காட்டியவரின் பெயரை எழுதி, சுவரில் வரைந்த மரத்தில் ஒட்ட வேண்டும். நான்காம் வகுப்பில் இருபத்தெட்டுப் பிள்ளைகள். ஆசிரியை ஹிலரி த்வைட் எண்ணித்தான் இருபத்தெட்டு இலை வெட்டுவாள்.

இருபத்தோரு வருடமாக வெட்டுகிறாள். அவள் பெயரை ஒரு பிள்ளையும் எழுதியதில்லை. செப்டம்பரில் வந்த உதவி ஆசிரியை இமொஜென் பெயரோ இன்று மட்டும் பதினேழு இலைகளில் இருந்தது.

"ஐயோ, மறுபடியும் நானா! உங்க பேரும் எங்கயாச்சும் இருக்கும், நல்லாப் பாருங்க ஹிலரி."

"பாத்துட்டேன்மா. உன்ன மாதிரி நாள் பூரா பல்லக் காட்ட எனக்கு வராது."

வயிறு எரிய ஹிலரி மரத்திலிருந்த எல்லா இலைகளையும் எண்ணினாள். இருபத்தொன்பது. வேருக்கு அருகில் ஓர் இலையில், மையில் தொட்டெழுதும் பழங்காலப் பேனாவின் சாய்ந்த எழுத்து: 'திருமதி த்வைட். விளையாட்டு நேரத்தில் என் கையைப் பிடித்துக்கொள்கிறார். எடித், முன் பெஞ்சு.'

வகுப்பில் எடித் என்று எந்தச் சிறுமியும் இல்லை. பெஞ்சுகளை அகற்றி அறுபது வருடம் ஆகிறது.

"இது யாரு எழுதினது?" இமொஜென் எட்டிப் பார்த்தாள்.

"என் பிள்ளை" என்ற ஹிலரி, அதைப் பெயர்த்து இமொஜெனின் இலைகளுக்கெல்லாம் மேலே ஒட்டினாள்.

திங்கட்கிழமை விளையாட்டு நேரத்தில் பிள்ளைகள் இமொஜெனை மொய்த்துக்கொண்டார்கள். ஹிலரி சுவரோரம் தனியாக நின்று, இடது கையுறையைக் கழற்றி, ஒரு சிறுமிக்கு எட்டும் உயரத்தில் கையைத் தாழ்த்தினாள். உள்ளங்கைக்குள் ஏதோ சில்லென்று நுழைந்ததும் விரல்களை இறுக மூடிக்கொண்டாள்.