ஓரியாலா எங்கே நிற்கிறது

நினைவகம் போதவில்லை என்று சொல்லிவிட்டு நிரல் மறுபடியும் நின்றுபோனது.

இந்த வாரத்தில் நான்காவது முறை.

அவள் அமைப்புக் கோப்பைத் திறந்தாள்.

தூத்துக்குடியில் ஒரு கல்லூரியின் கணினி ஆய்வகம். முப்பத்தாறு கணினிகளுக்கும் அவள்தான் பொறுப்பு. இரண்டு மணிக்கு மாணவிகள் வந்துவிடுவார்கள். அதுவரை ஜன்னலோரத்துக் கணினி அவளுடையது.

அதில் ஓடுவது ஒரு கிராலர். இணையதளத்தின் முகவரியைக் கொடுத்தால் போதும். அங்கிருக்கும் சுட்டிகளை ஒவ்வொன்றாகப் பிடித்து உள்ளே உள்ளே போகும். சொல்லி அனுப்பிய பெயர் எங்காவது தென்பட்டால் எடுத்து வைக்கும்.

அவள் சொல்லி அனுப்பிய பெயர், ஓரியாலா.

கணவன் வேலை பார்க்கும் சரக்குக் கப்பல்.

நாற்பத்தேழு நாளாக அவனிடமிருந்து பேச்சில்லை. கப்பல் இருக்குமிடத்தைக் காட்டும் கருவியை யாரோ அணைத்திருந்தார்கள். அவனை வேலைக்கு அனுப்பிய ஏஜென்ட் முதல் வாரம் "விசாரிக்கேம்மா" என்றார். அடுத்த வாரத்திலிருந்து போனை எடுப்பதில்லை.

எந்தக் கப்பலும் என்றைக்காவது ஒரு துறைமுகத்துக்குள் வந்துதானே ஆக வேண்டும். வந்தால் வருகைப் பட்டியலில் பெயர் ஏறும். நூற்றுப் பன்னிரண்டு துறைமுகங்களின் முகவரிகளை அவள் சேர்த்திருந்தாள்.

போன பக்கத்துக்கே திரும்பவும் போகாமலிருக்க, போய்வந்த முகவரிகளையெல்லாம் கிராலர் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். அதற்கு ஒரு ஜிபி கொடுத்திருந்தாள். அது நிறைந்ததும் செத்துவிடுகிறது.

மூன்று என்று மாற்றினாள்.

கணினியில் இருப்பதே நான்கு.

ஒரே நேரத்தில் இருபது பக்கம் என்பதை இரண்டாகக் குறைத்தாள். அவசரப்பட்டுத் தட்டினால் சில தளங்கள் கதவைச் சாத்திக்கொள்கின்றன. ஒரு பக்கத்துக்கும் அடுத்ததற்கும் நடுவே ஐந்து விநாடி பொறுக்கச் சொன்னாள்.

எத்தனை அடுக்கு உள்ளே போகலாம் என்ற இடத்தில் மூன்று இருந்தது. வருகைப் பட்டியல்கள் மூன்றுக்குள் முடிந்துவிடும். அதற்கப்பால் டெண்டர் அறிவிப்புகள், விழாப் படங்கள், அதிகாரிகளின் வாழ்த்துரைகள்.

மூன்றில்தான் கிடைக்கவில்லையே.

ஐந்து என்று போட்டாள்.

ஓட வேண்டிய நேரம், தொண்ணூறு நிமிடம். பிறகு தானாக நின்றுவிட வேண்டும்.

ஓட விட்டாள்.

மவுஸ் திக்கித் திக்கி நகர்ந்தது. பிறகு நகரவில்லை. அவள் கையை எடுத்துக்கொண்டாள்.

கப்பலிலிருந்து அவன் பேசும்போது குரல் வந்து சேர ஒரு விநாடி தாமதமாகும். இருவரும் ஒன்றாகப் பேச ஆரம்பிப்பார்கள். ஒன்றாக நிறுத்துவார்கள்.

நீ சொல்லு.

இல்ல, நீங்க சொல்லுங்க.

பேசக் கிடைக்கும் பத்து நிமிடத்தில் பாதி அப்படியே போய்விடும். அப்போதெல்லாம் அவளுக்கு எரிச்சலாக வரும். இப்போது அந்த ஒரு விநாடி மட்டும் கிடைத்தால்கூடப் போதும் என்றிருந்தது. அந்தப் பக்கம் அவன் இருக்கிறான் என்று தெரிந்த, ஒன்றும் கேட்காத அந்த ஒரு விநாடி.

டிபன் டப்பாவைத் திறந்தாள். மூடினாள்.

ஒன்று இருபதுக்குத் எத்தனை இடத்தில் பெயர் கிடைத்தது என்று திரையின் மூலையில் காட்டிய பூஜ்யம் ஒன்றாக மாறியது.

அவள் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டாள்.

ஆப்பிரிக்கக் கரையில் ஒரு துறைமுகம். கிடைத்தது அதன் வருகைப் பட்டியல் அல்ல. ஐந்தாவது அடுக்கில், அங்கிருக்கும் மாலுமிகள் மன்றத்தின் பக்கம். மேலே ஒரு படம். கீழே ஆங்கிலத்தில் இரண்டு வரி. ஓரியாலா கப்பலின் மாலுமிகள் எங்கள் மன்றத்துக்கு வந்திருந்தார்கள். வீட்டாருடன் பேச ஒவ்வொருவருக்கும் சிம் கார்டு கொடுத்தோம்.

பதினோரு பேர். விரலை வைத்துக்கொண்டே போனாள். இரண்டாம் வரிசையில் விரல் நின்றது.

தாடி வளர்த்திருந்தான். கழுத்தெலும்பு தெரிய மெலிந்திருந்தான். அவள் பெட்டியில் மடித்து வைத்து அனுப்பிய நீலக் கட்டம் போட்ட சட்டை.

உயிரோடு இருந்தான்.

வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். வெளியே வராந்தாவில் யாரோ சிரித்துக்கொண்டே போனார்கள்.

கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடி பார்த்தபோதுதான், அவன் காதில் போன் இருப்பது தெரிந்தது. கேமராவைப் பார்க்காமல், போனில் எதையோ கேட்டுச் சிரித்துக்கொண்டிருந்தான்.

படத்தின் தேதியைப் பார்த்தாள்.

ஒன்பது நாள் ஆகியிருந்தது.

தன் போனை எடுத்தாள். வந்த அழைப்புகளை ஒன்பது நாளுக்கும் பின்னோக்கித் தள்ளிப் பார்த்தாள். எடுக்காமல் விட்டவற்றையும் பார்த்தாள். கேஸ் கம்பெனி. கல்லூரி அலுவலகம். இன்சூரன்ஸ். மாமி. மாமி. மாமி.

வெளிநாட்டு எண் ஒன்றுகூட இல்லை.

கையிலேயே போன் அடித்தது. மாமிதான். கணவன் லிகோரியின் அம்மா. தினமும் சாப்பிட்டு முடித்ததும் கூப்பிடுவாள்.

"விண்ணரசி, லிகோரியப் பத்தி ஏதும் தெரிஞ்சுதாம்மா?"

"கப்பலு கரைக்கு வந்துட்டு மாமி. அவரு நல்லா இருக்காரு."

மறுமுனையில் மாதாவே, மாதாவே என்று அழுகை. அவள் காத்திருந்தாள். மாமி மூக்கை உறிஞ்சுவது கேட்டது.

"ஒன்ட்ட பேசுனானாம்மா?"

ஜன்னலுக்கு வெளியே உப்பு லாரி ஒன்று பின்னால் வந்து திரும்பிக்கொண்டிருந்தது. அது திரும்பி முடிக்கும்வரை அவள் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"பேசுனாரு மாமி."

"என்ன சொன்னான்?"

அவள் படத்தைப் பெரிதாக்கினாள். இன்னும் பெரிதாக்கினாள். முகம் சதுரம் சதுரமாகப் பிரிந்தது. வாய் பாதி திறந்திருந்தது.

"ஒங்களத்தான் மொதல்ல கேட்டாரு" என்றாள்.