அரைக்கீரையின் உபசரிப்பு

வேலியோரம் நின்ற தொட்டாற்சிணுங்கிக்குக் காற்று பட்டாலே கூச்சம். பக்கத்து அரைக்கீரைக்கோ ஊரெல்லாம் சிநேகம். புத்தி சொல்வதில் சலிப்பே கிடையாது.

“இப்படி ஒடுங்கி ஒடுங்கித்தான் நீ தேறவே இல்ல. என்னைப் பாரு, எப்படித் தளதளன்னு இருக்கேன்! எல்லாம் நாலு பேரோட பழகுறதுதான்.”

தொட்டாற்சிணுங்கிக்கு அழுகையே வந்தது. நாளை முதல் திருந்திவிடுவது என்று முடிவு செய்தது.

அந்த நேரம் பார்த்து வேலிக்குள் ஓர் ஆடு தலையை நீட்டியது.

“அடடே, வாங்க வாங்க! வீடு தேடி வந்துட்டுச் சாப்பிடாமப் போகக்கூடாது,” என்றது கீரை, வழக்கம்போல.

ஆடு சொல்லைத் தட்டவில்லை. உபசாரம் வேர்வரை நடந்தது.

பிறகு அது தொட்டாற்சிணுங்கியை முகர்ந்தது. இலைகளெல்லாம் மடங்கி, செடி வாடியதுபோல் தொங்கியது.

“பாவம், சீக்குபோல,” என்றது ஆடு, வாயில் கீரையோடு. “நாலு பேரோட பழகினாத்தானே உடம்பு தேறும்!”